திறந்து பாருங்கள், சேமித்துவிடாதீர்கள்

வேர்டில் தட்டச்சு செய்த ஒரு கடிதத்தை விஷுவல் ஸ்டுடியோ கோட் (சுருக்கமாக விஎஸ் கோட்) போன்ற நிரல் எடிட்டருக்குள் இழுத்துப் போட்டால் முதலில் ஓர் எச்சரிக்கை வரும். இது பைனரி கோப்பாக இருக்கலாம், அல்லது எனக்குத் தெரியாத குறியாக்கத்தில் இருக்கலாம், அதனால் காட்டவில்லை என்று சொல்லும். பரவாயில்லை, திற என்று வற்புறுத்தினால் திரை முழுக்கக் கிறுக்கல்தான். அந்தக் கிறுக்கலின் தொடக்கத்தில் இரண்டு ஆங்கில எழுத்துகள் மட்டும் தெளிவாகத் தெரியும்: பி, கே. 1989-இல் பிகேஸிப் என்ற சுருக்கும் நிரலை வெளியிட்ட ஃபில் காட்ஸ் என்ற அமெரிக்கரின் பெயரெழுத்துகள் அவை. வேர்டின் டாக்எக்ஸ் கோப்பு உண்மையில் ஒரு ஸிப் கோப்பு. எக்ஸெல் கோப்பும் அப்படித்தான். மின்னூல்களின் இபப், ஆண்ட்ராய்டு செயலிகளின் ஏபிகே ஆகியவையும் அதே இனம். கடிதத்தின் ஒரு நகலை எடுத்து, பெயரின் கடைசியில் ஸிப் என்று மாற்றித் திறந்தால் உள்ளே சில அடைவுகள் இருக்கும். அவற்றுள் ஒன்றில் டாக்குமென்ட் என்ற எக்ஸ்எம்எல் கோப்பு கிடக்கும். சற்றுமுன் கிறுக்கலைக் காட்டிய அதே எடிட்டர் இதை அழகாகத் திறந்து காட்டும். நீங்கள் எழுதிய வரிகள் குறிச்சொற்களுக்கு நடுவே அப்படியே இருக்கும்.

எனவே, நிரல் எடிட்டர் எந்தெந்தக் கோப்புகளைத் திறக்கும் என்று கேட்டால் நேர்மையான பதில் எல்லாவற்றையும் என்பதே. கோப்பு என்பது வட்டில் வரிசையாகக் கிடக்கும் எண்கள். ஒவ்வோர் எண்ணும் 0 முதல் 255-க்குள் இருக்கும். அதற்கு பைட் என்று பெயர். எண்ணை வாசித்து, குறியாக்கம் எனப்படும் ஓர் அட்டவணையைப் பார்த்து, அதற்குரிய எழுத்தைத் திரையில் வைப்பதுதான் எடிட்டரின் வேலை. அந்த எண்கள் எழுத்துகளுக்காகவே எழுதப்பட்டிருந்தால் நம்மால் வாசிக்க முடியும். படத்துக்கோ பாட்டுக்கோ எழுதப்பட்டவை என்றால் கிறுக்கல் வரும். தான் இன்ன வகை என்று கோப்பு தனக்குள்ளேயே சொல்லிவைக்க வேண்டும் என்ற பொது விதி எதுவும் கிடையாது. அதனால் எடிட்டர் ஊகிக்கிறது. நாம் கோளாறு என்று சொல்வதில் பெரும்பகுதி தவறிப்போன ஊகம். ஊகம் தவறியதால் கோப்புக்கு ஒரு சேதமும் இல்லை, வட்டில் இருந்த பைட்கள் இருந்தபடியே இருக்கின்றன. அந்தத் தவறான ஊகத்தின் மேல் சேமிக்கும் பொத்தானை அழுத்தும்போதுதான் சேதம் தொடங்குகிறது.

முதல் ஊகம் பெயரின் கடைசிப் பகுதியை, அதாவது எக்ஸ்டென்ஷனை வைத்து நடக்கிறது. பிஒய் என்று முடிந்தால் பைதான், ஜேஎஸ் என்றால் ஜாவாஸ்கிரிப்ட், எம்டி என்றால் மார்க்டவுன். எடிட்டர் இதைப் பார்த்து வண்ணம் பூசுகிறது, அடைப்புக்குறிகளை இணை சேர்க்கிறது, சொற்களை நிரப்பித் தருகிறது. உள்ளிருக்கும் பைட்களுக்கும் இந்தப் பெயருக்கும் கட்டாய உறவு ஏதும் இல்லை. நம் வீட்டு அடுக்களையில் ஹார்லிக்ஸ் பாட்டிலில் துவரம்பருப்பு இருப்பது போலத்தான். பாட்டிலின் பெயரைப் படித்துப் பாலில் கலக்க வீட்டில் யாரும் போவதில்லை. எடிட்டரோ ஒவ்வொரு முறையும் பெயரைத்தான் நம்புகிறது. வண்ணம் வரவில்லை, எல்லாம் ஒரே வெள்ளையாகத் தெரிகிறது என்றால் முதலில் எடிட்டரின் வலது கீழ்மூலையைப் பாருங்கள். அங்கே ப்ளெய்ன் டெக்ஸ்ட் என்று இருந்தால் அதன் மேல் சொடுக்கி மொழியைத் தேர்ந்தெடுத்தால் போதும். எடிட்டரை நீக்கி மறுபடி நிறுவுபவர்கள் பலர், மூலையில் இருக்கும் இந்த ஒரு சொல்லைப் பார்க்காதவர்கள்தான்.

இதில் விண்டோஸ் செய்யும் ஒரு காரியம் எனக்குப் பிடிக்காதது. எக்ஸ்டென்ஷனை அது இயல்பாகவே மறைத்துவைக்கிறது. கல்லூரி முதலாண்டு மாணவர் நோட்பேடில் நிரலை எழுதிச் சேமிப்பார். பெயர் பிஒய் என்று முடிவதாகத் திரையில் தெரியும். உண்மைப் பெயர் அதற்கும் பின்னால் டிஎக்ஸ்டி என்று நீண்டிருக்கும். பைதான் கோப்பைக் காணோம் என்று சொல்லும், மாணவர் கண்முன்னே கோப்பு இருக்கும். 2000-ஆம் ஆண்டு மே மாதம் உலகைச் சுற்றிய ஐ லவ் யூ வைரஸ் இதே மறைப்பைத்தான் பயன்படுத்திக்கொண்டது. காதல் கடிதம் என்று வந்த இணைப்பின் பெயர் டிஎக்ஸ்டி என்று முடிவதாகத் தெரிந்தது. மறைந்திருந்த மெய்யான முடிவு விபிஎஸ், அதாவது ஓடக்கூடிய நிரல். ஃபைல் எக்ஸ்புளோரரின் வியூ பட்டியலில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் என்பதை இன்றைக்கே இயக்கி வையுங்கள். கணினி வாங்கியவுடன் செய்ய வேண்டிய முதல் வேலை அது.

நிரல் எடிட்டர் என்ற பெயரால் அது நிரல் எழுதுபவர்களுக்கு மட்டும் என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். திரைப்படத்தின் சப்டைட்டில் கோப்பு வெறும் எழுத்து. வசனம் இரண்டு நொடி பிந்தி வருகிறது என்றால் எடிட்டரில் திறந்து நேரத்தைப் பார்க்கலாம். எஸ்விஜி படம் எழுத்தால் ஆனது. வட்டத்தின் நிறத்தை அங்கேயே மாற்றலாம். ஜூபிட்டர் நோட்புக்கும் நாட்காட்டி அழைப்பும் எழுத்துக் கோப்புகள்தாம். கைபேசியிலிருந்து ஏற்றுமதி செய்த தொடர்புகளின் விசிஎஃப் கோப்பும் அப்படியே. அதைத் திறந்து பார்த்தால் ஆங்கிலப் பெயர்கள் ஒழுங்காக இருக்கும், தமிழ்ப் பெயர்கள் இருக்க வேண்டிய இடத்தில் சமக்குறியும் இரண்டிரண்டு எழுத்தெண்களுமாக நீளமான சங்கிலி இருக்கும். பல ஆண்ட்ராய்டு கைபேசிகள் ஆங்கிலம் அல்லாத எழுத்தை அப்படித்தான் பொதிந்து அனுப்புகின்றன. பெயர் கெட்டுவிட்டது என்று பயந்து அழிக்க வேண்டாம். இறக்குமதி செய்யும் கருவி அதை மறுபடி பெயராக்கிவிடும்.

சிஎஸ்வி கோப்புக்குத் தனியாகச் சில வரிகள் தர வேண்டும். அதை இருமுறை சொடுக்கினால் எக்ஸெல் திறக்கும், திறக்கும்போதே தன் அறிவைக் காட்டும். 0-வில் தொடங்கும் பதிவெண்ணின் முன் பூச்சியத்தைத் தின்றுவிடும். தேதி போலத் தோன்றுவதையெல்லாம் தேதியாக்கிவிடும். மரபணு ஆய்வாளர்கள் இதில் பட்ட பாடு ஊரறிந்தது. மார்ச்1, செப்ட்2 என்று மரபணுக்களுக்குப் பெயர் இருந்தது. எக்ஸெல் அவற்றை மார்ச் 1, செப்டம்பர் 2 என்று மாற்றியது. 2016-இல் வெளியான ஓர் ஆய்வு, எக்ஸெல் மரபணுப் பட்டியலை இணைத்திருந்த ஆய்வுக் கட்டுரைகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் இப்படிப்பட்ட பிழைகள் இருப்பதாகக் கண்டது. கடைசியில் 2020-இல் மனித மரபணுப் பெயர்களை வகுக்கும் குழு அந்த மரபணுக்களின் பெயர்களையே மாற்றிவிட்டது. மென்பொருளைத் திருத்துவதைவிட மனிதனின் மரபணுவுக்குப் பெயர் மாற்றுவது எளிதாக இருந்திருக்கிறது! நிரல் எடிட்டருக்கு இந்த அதிகப்பிரசங்கித்தனம் கிடையாது. சிஎஸ்வியில் உண்மையில் என்ன இருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் எடிட்டரில் திறந்து பார்ப்பதே வழி.

இனி, எழுத்தே இல்லாத கோப்புகள். இவற்றில் பல தம் அடையாளத்தை முதல் சில பைட்களில் பொறித்து வைத்திருக்கின்றன. விண்டோஸில் ஓடும் இஎக்ஸ்இ கோப்பு எம், இஸட் என்று தொடங்கும். டாஸ் காலத்து மைக்ரோசாஃப்ட் பொறியாளர் மார்க் ஸ்பிகோவ்ஸ்கியின் பெயரெழுத்துகள். பிடிஎஃப் கோப்பு சதவீதக் குறியும் தன் பெயருமாகத் தொடங்கும். லினக்ஸில் ஃபைல் என்றொரு கட்டளை உண்டு. எக்ஸ்டென்ஷனைச் சட்டை செய்யாமல் இந்த முதல் பைட்களைப் பார்த்து இன்ன வகை என்று சொல்லிவிடும். பெயரில் ஜேபிஜி என்று இருந்தும் படம் திறக்கவில்லை என்றால் இந்தக் கட்டளையைத்தான் முதலில் கேட்க வேண்டும். படத்துக்குப் பதிலாக இணையதளத்தின் பிழைப்பக்கம் அந்தப் பெயரில் இறங்கியிருப்பது அடிக்கடி நடப்பது.

இந்த அடையாளங்களில் பிஎன்ஜி படத்தினுடையது தனி அழகு. 1996-இல் முதல் வரையறை வெளியான அந்த வடிவத்தின் முதல் எட்டு பைட்கள் 137, 80, 78, 71, 13, 10, 26, 10. நடுவிலுள்ள 80, 78, 71 என்பவை பி, என், ஜி. மற்றவை ஒவ்வொன்றும் ஒரு கண்ணி. அந்தக் காலத்தில் சில தொடர்புகள் பைட்டின் எட்டாவது பிட்டை வெட்டிவிட்டு அனுப்பும். அப்படி வெட்டினால் 137 என்பது 9 ஆகிவிடும், குட்டு வெளிப்படும். 13, 10 என்ற இணை விண்டோஸின் வரிமுடிவு. படத்தை எழுத்துக் கோப்பு என்று நினைத்து எவரேனும் வரிமுடிவை மாற்றியிருந்தால் இந்த இணை உடைந்திருக்கும். 26 என்பது டாஸில் கோப்பு முடிந்தது என்று பொருள். தெரியாமல் திரையில் கொட்டினால் அங்கேயே நின்றுவிடும். கடைசி 10, வரிமுடிவை எதிர்த்திசையில் மாற்றியவர்களைப் பிடிப்பதற்கு. படத்தை எழுத்தாக நினைத்துக் கையாண்டு கெடுப்பார்கள் என்று அதை வடிவமைத்தவர்கள் முன்பே எதிர்பார்த்திருக்கிறார்கள்.

எழுத்தா பைனரியா என்று எடிட்டர்கள் தீர்மானிக்கும் முறை இதைவிட மிக எளிது. கோப்பின் தொடக்கப் பகுதியில் 0 என்ற பைட் இருக்கிறதா என்று பார்க்கும். வழக்கமான எழுத்துக் கோப்பில் 0-வுக்கு வேலையே இல்லை, பைனரியில் அது கொட்டிக்கிடக்கும். கிட் என்ற பதிப்புக் கட்டுப்பாட்டு மென்பொருளும் முதல் 8000 பைட்களில் இதையே தேடுகிறது. இந்தச் சோதனை சில வேளை ஏமாறும். யூடிஎஃப்-16 என்ற குறியாக்கத்தில் ஓர் ஆங்கில எழுத்துக்கு இரண்டு பைட், அவற்றில் ஒன்று 0. பழைய விண்டோஸ் நிரல் ஒன்று இப்படிச் சேமித்த சாதாரண எழுத்துக் கோப்பைச் சில கருவிகள் பைனரி என்று சொல்லித் தள்ளிவிடும். அதைக் கேட்டு மனம் தளர வேண்டாம், குறியாக்கத்தை மாற்றித் திறந்தால் எழுத்து வந்துவிடும்.

குறியாக்கம் என்ற இந்த இடம்தான் தமிழில் எழுதுபவர்களுக்கு மிக முக்கியமானது. ஆஸ்கி அட்டவணையில் 128 இடங்கள். ஆங்கிலத்துக்கு அது போதும். யூனிகோடு எல்லா மொழிகளுக்கும் எண் கொடுத்தது. தமிழுக்கு 2944 முதல் 3071 வரை. 'அ' என்பது 2949. 2949 ஒரு பைட்டுக்குள் அடங்காது. இவ்வளவு பெரிய எண்களை பைட்களாகப் பிரித்து வைக்க 1992 செப்டம்பரில் கென் தாம்சனும் ராப் பைக்கும் நியூஜெர்சியில் ஓர் உணவகத்தில் உட்கார்ந்து, தட்டுக்கு அடியில் விரிக்கும் தாளில் ஒரு முறையை வகுத்தார்கள். அதுதான் யூடிஎஃப்-8. ஆங்கில எழுத்து பழையபடி ஒரே பைட். தமிழுக்கு யூனிகோடு தந்த எண் ஒவ்வொன்றுக்கும் மூன்று. 'அ' என்பது 224, 174, 133 ஆகிறது. 'தமிழ்' என்ற சொல்லில் நாம் எண்ணுவது மூன்று எழுத்து. யூனிகோடு எண்ணுவது ஐந்து: த, ம, இகரக் குறி, ழ, புள்ளி. வட்டில் இருப்பதோ பதினைந்து பைட்கள்.

தமிழ் எழுத்து எதுவானாலும் யூடிஎஃப்-8-இல் 224, 174 என்றோ 224, 175 என்றோதான் தொடங்கும். இதைத் தெரிந்து வைத்திருந்தால் பாதி நோயைப் பார்த்தவுடனே சொல்லிவிடலாம். மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கான விண்டோஸ்-1252 என்ற பழைய அட்டவணையில் 224 என்பது தலையில் கோடு சாய்ந்த ஆங்கில ஏ. 174 என்பது வட்டத்துக்குள் ஆர், அதாவது பதிவு பெற்ற வணிகக்குறி. எனவே திரையில் சாய்கோட்டு ஏ, வட்ட ஆர், சாய்கோட்டு ஏ, வட்ட ஆர் என்று வரிசையாக வந்தால் கோப்பு கெடவில்லை. நல்ல யூடிஎஃப்-8 தமிழை எடிட்டர் விண்டோஸ்-1252 என்று நினைத்துத் திறந்திருக்கிறது, அவ்வளவுதான். விஎஸ் கோடில் வலது கீழ்மூலையில் குறியாக்கத்தின் பெயரைச் சொடுக்கினால் இரண்டு தேர்வுகள் வரும்: ரீஓப்பன் வித் என்கோடிங், சேவ் வித் என்கோடிங். நமக்கு வேண்டியது முதலாவது; அதே பைட்களை வேறு அட்டவணையைக் கொண்டு மறுபடி வாசிப்பது அது. இரண்டாவதை அழுத்தினால் திரையில் தெரியும் கிறுக்கலையே புதிய குறியாக்கத்தில் எழுதிவைத்துவிடும். பெயரில் இவ்வளவு நெருங்கிய இரண்டு தேர்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது நல்ல வடிவமைப்பு என்று நான் சொல்லமாட்டேன்.

கிறுக்கலைச் சேமித்தால் என்ன ஆகும் என்று 'அ' ஒன்றை வைத்தே கணக்குப் பார்க்கலாம். சாய்கோட்டு ஏ யூடிஎஃப்-8-இல் இரண்டு பைட். வட்ட ஆர் இரண்டு. 133-க்கு அந்த அட்டவணையில் உள்ள முப்புள்ளிக் குறி மூன்று. மூன்று பைட்டாக இருந்த 'அ' இப்போது ஏழு பைட். இதையாவது பொறுமையாகப் பின்னோக்கிப் பிரித்து மீட்கலாம். புள்ளியை மீட்பது கடினம். அதன் மூன்றாவது பைட் 141, விண்டோஸ்-1252-இல் 141 காலியிடம். சில நிரல்கள் அந்த இடத்தில் கேள்விக்குறியைப் போட்டுவிடும். அதன்பிறகு அது புள்ளியா உகரக் குறியா என்று பைட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது.

இதைவிட மோசமானது எதிர்த்திசைத் தவறு. பழைய ஒரு பைட் குறியாக்கத்தில் இருக்கும் கோப்பை எடிட்டர் யூடிஎஃப்-8 என்று நினைத்துத் திறக்கிறது. யூடிஎஃப்-8 கட்டுப்பாடானது. 224 வந்தால் அடுத்த இரண்டு பைட்களும் 128-க்கும் 191-க்கும் இடையில் இருந்தே ஆக வேண்டும். விதிக்கு அடங்காத பைட் வந்தால் அதற்குப் பதில் கறுப்பு வைர வடிவத்துக்குள் கேள்விக்குறி ஒன்றைக் காட்டும். எந்த பைட் வந்து விதியை மீறினாலும் அதே குறிதான். இந்த நிலையில் சேமித்தால் அத்தனை இடங்களிலும் 239, 191, 189 என்ற ஒரே மூன்று பைட்கள் எழுதப்படும். முன்பு அங்கே இருந்தவை என்ன என்று எந்த நிபுணராலும் சொல்ல முடியாது. பிஎன்ஜி படத்தைத் திறந்து சேமித்தாலும் இதே கதி, முதல் பைட்டான 137-இலேயே படம் செத்துவிடும். தானாகச் சேமிக்கும் வசதியை நீங்கள் இயக்கி வைத்திருந்தால் கை தவறி ஓர் இடைவெளி தட்டியதே போதும். கறுப்பு வைரம் தெரிந்தால் எதையும் தொடாமல் மூடுங்கள். சேமிக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

எடிட்டர் ஊகத்தில் எவ்வளவு தூரம் சறுக்கும் என்பதற்கு விண்டோஸ் எக்ஸ்பி காலத்து நோட்பேட் சாட்சி. ஆங்கிலத்தில் புஷ் ஹிட் த ஃபேக்ட்ஸ் என்ற ஒரே வரியை எழுதிச் சேமித்து மறுபடி திறந்தால் வரி மறைந்து அதன் இடத்தில் சீன எழுத்துகளோ வெற்றுக் கட்டங்களோ இருக்கும். அமெரிக்க அதிபர் உண்மையை மறைத்தார் என்று பொருள்படும் வரியை மைக்ரோசாஃப்டே மறைக்கிறது என்று சதிக்கதை பரவியது. நடந்தது அதைவிடச் சப்பையான விஷயம். இடைவெளிகளையும் சேர்த்து வரியில் 18 பைட். கோப்பு மிகச் சிறியது என்பதால் நோட்பேடின் புள்ளியியல் ஊகம் தவறி, அதை யூடிஎஃப்-16 என்று முடிவுகட்டி, இரண்டிரண்டாகச் சேர்த்து ஒன்பது எழுத்துகளாக்கியது. விண்டோஸ் விஸ்டாவில் இது சரிசெய்யப்பட்டது.

இதற்கு ஒரு தீர்வாகக் கோப்பின் தலையில் யூடிஎஃப்-8 என்று அறிவிக்கும் மூன்று பைட்களை வைக்கும் வழக்கம் உண்டு, பிஓஎம் என்பார்கள். அது இருந்தால் எக்ஸெல் தமிழ் சிஎஸ்வியைச் சரியாகத் திறக்கும், இல்லாவிட்டால் சொடுக்கியவுடன் வட்ட ஆர்தான். அதே பிஓஎம் பிஎச்பி கோப்பின் தலையில் இருந்தால் ஹெடர்கள் முன்பே போய்விட்டன என்று இணையதளம் முரண்டு பிடிக்கும். எக்ஸெலுக்குப் போகும் கோப்புக்கு வையுங்கள், நிரலுக்கு வேண்டாம். வரிமுடிவும் இப்படியொரு பழைய சொத்து. தொலைதட்டச்சு இயந்திரத்தில் தலையை இடப்பக்கம் கொண்டுவர ஒரு கட்டளை, தாளை ஒரு வரி உருட்ட இன்னொன்று. டாஸும் விண்டோஸும் இரண்டையும் வைத்துக்கொண்டன, யூனிக்ஸ் ஒன்றோடு நிறுத்திக்கொண்டது. விண்டோஸில் எழுதிய ஷெல் நிரல் லினக்ஸ் சர்வரில் பேட் இன்டர்ப்ரிட்டர் என்று முறைத்தால் காரணம் கண்ணுக்குத் தெரியாத அந்தக் கூடுதல் பைட். எடிட்டரின் கீழ்ப்பட்டையில் சிஆர்எல்எஃப் என்று இருப்பதைச் சொடுக்கி எல்எஃப் ஆக்கிச் சேமித்தால் தீர்ந்தது. லினக்ஸ் கோப்பின் வரிமுடிவை நோட்பேட் புரிந்துகொள்ளத் தொடங்கியதே 2018-இல்தான்.

சில கோளாறுகளில் திரையில் எல்லாம் சரியாகவே இருக்கும், நிரல் மட்டும் ஓடாது. வாட்ஸாப்பிலிருந்தோ வேர்டிலிருந்தோ நகலெடுத்து ஒட்டிய வரியில் நேரான மேற்கோள்குறி வளைந்த குறியாகியிருக்கும். அல்லது அகலமே இல்லாத இடைவெளி ஒன்று சொல்லுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிக்கோலஸ் பௌச்சரும் ராஸ் ஆண்டர்சனும் 2021-இல் இதன் விபரீதத்தைக் காட்டினார்கள். அரபு, ஹீப்ரு போன்ற வலமிருந்து இடமாக எழுதும் மொழிகளுக்கான கண்ணுக்குத் தெரியாத குறிகளை நிரலுக்குள் செருகினால், வாசிப்பவருக்கு ஒரு வரிசையிலும் கணினிக்கு வேறு வரிசையிலும் நிரல் தெரியும்படி செய்யலாம். அதன்பிறகு விஎஸ் கோட் இத்தகைய எழுத்துகளைச் சுற்றிக் கட்டம் போட்டுக் காட்டத் தொடங்கியது. அந்தக் கட்டத்தை அலட்சியம் செய்யாதீர்கள். தமிழிலும் இதற்கு ஓர் உறவினர் உண்டு. 'கொ' என்பதில் உள்ள ஒகரக் குறியை ஒரே எண்ணாகவும் எழுதலாம். எகரக் குறியும் காலுமாக இரண்டு எண்களாகவும் எழுதலாம். திரையில் இம்மியும் வேறுபாடு தெரியாது. தேடினால் ஒன்றை எழுதியவருக்கு மற்றது கிடைக்காது. பெரிய பட்டியலில் 'கொடி' கண்ணெதிரே இருந்தும் தேடலில் அகப்படவில்லை என்றால் இதைச் சந்தேகியுங்கள்.

கோப்பில் குறையே இல்லாமல் எடிட்டரே திணறுவதும் உண்டு. விஎஸ் கோடின் பழைய பதிப்பு ஒவ்வொரு வரிக்கும் நினைவகத்தில் ஒரு பொருளை உருவாக்கி வைத்தது. ஒரு பயனர் 35 எம்பி கோப்பைத் திறந்தார். அதில் 1 கோடியே 37 லட்சம் வரிகள். எடிட்டர் ஏறத்தாழ 600 எம்பி நினைவகத்தை விழுங்கியது. 2018-இல் அதன் உள்ளமைப்பையே மாற்றி எழுதினார்கள். இன்றும் 20 எம்பி அல்லது 3 லட்சம் வரிகளைத் தாண்டினால் அது வண்ணம் பூசுவது போன்ற செலவுமிக்க வேலைகளை நிறுத்திக்கொள்ளும். பெரிய பதிவுக் கோப்பில் நிறம் காணாமல் போனால் அது பழுது அல்ல.

சிறிய கோப்புக்கே எடிட்டர் இழுக்கிறது என்றால் பெரும்பாலும் எடிட்டரில் நீங்கள் சேர்த்து வைத்த, எக்ஸ்டென்ஷன் என்றே அழைக்கப்படும் துணை நிரல்களில் ஒன்று காரணம். ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்த்துப் பொழுதைக் கழிக்க வேண்டாம். கட்டளைப் பட்டியலில் ஸ்டார்ட் எக்ஸ்டென்ஷன் பைசெக்ட் என்று ஒன்று இருக்கிறது. பாதியை நிறுத்தும், கோளாறு இன்னும் இருக்கிறதா என்று உங்களைக் கேட்கும், மிச்சத்தை மறுபடி பாதியாக்கும். 32 எக்ஸ்டென்ஷன்கள் இருந்தாலும் ஐந்தே கேள்வியில் குற்றவாளி சிக்கிவிடும்.

கடைசியாக, பழைய தமிழ்க் கோப்புகளைப் பற்றி. யூனிகோடு பரவுவதற்கு முன் தமிழில் தட்டச்சு செய்த மலர்கள், கதைகள், ஊர்வரலாறுகள், கோயில் குறிப்புகள் எத்தனையோ பேரின் குறுந்தகடுகளில் கிடக்கின்றன. இலங்கையிலும் புலம்பெயர்ந்தோரிடமும் பாமினி எழுத்துரு பெருவழக்காக இருந்தது. தமிழ்நாடு அரசு 1999-இல் டாம், டாப் என்ற குறியாக்கங்களை முன்வைத்தது. இணையக் குழுக்களில் திஸ்கி புழங்கியது. பாமினிக் கோப்பை எடிட்டரில் திறந்தால் 'தமிழ்' இருந்த இடத்தில் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்துகளும் ஓர் அரைப்புள்ளியும் இருக்கும். எல்லாம் சாதாரண ஆங்கில பைட்கள், எழுத்துருதான் அவற்றுக்குத் தமிழ் முகம் கொடுத்தது. ஆங்கிலக் குப்பை என்று தூக்கியெறிய எல்லாத் தகுதியும் உள்ள தோற்றம் அது! திஸ்கிக் கோப்பைத் திறந்தால் கறுப்பு வைரங்கள் வரும். அதன் ஒரு பைட் எழுத்துகள் யூடிஎஃப்-8 விதிக்கு அடங்காதவை. விஎஸ் கோடின் குறியாக்கப் பட்டியலில் திஸ்கி கிடையாது, எனவே மறுபடி திறந்தும் பயனில்லை, எழுத்துரு மாற்றி ஒன்றுதான் வேண்டும். உங்கள் வீட்டிலோ சங்க அலுவலகத்திலோ அப்படிப்பட்ட கோப்புகள் இருந்தால் இப்போதே ஒரு நகல் எடுத்து, அந்த நகலை யூனிகோடுக்கு மாற்றி, ஒரு பக்கமாவது கண்ணால் ஒப்பிட்டுப் பாருங்கள். மாற்றிகள் சில எழுத்துகளில் தவறும். வேறொரு மாற்றியால் மறுபடி முயல மூலக்கோப்பு வேண்டியிருக்கும். அதை அழித்துவிடாதீர்கள்.